ஊர் ரேடியோவின் வாய்ப்பூட்டு எப்போது கழலும்?

பெரிய முதலியார்சாவடியில் நின்று கொண்டு ஒரு ரேடியோப் பெட்டியின் முள்ளைத் திருப்பிப் பாருங்கள். சினிமாப் பாட்டு கேட்கும். நகைக் கடை விளம்பரம் கேட்கும். டெல்லியில் எந்த மந்திரி என்ன பேசினார் என்பது மணி தவறாமல் கேட்கும். அங்கிருந்து கிழக்கே நடந்து போகிற தூரத்தில் கடல் இருக்கிறது. அந்தக் கடல் இந்த ஆண்டு எத்தனை அடி உள்ளே வந்தது, ஏன் வந்தது, அதற்கு யார் என்ன செய்யப் போகிறார்கள்? அந்தச் சேதி மட்டும் எந்த முள்ளிலும் அகப்படாது.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஊர் இது. தெற்கே சில மைல் போனால் புதுச்சேரி. மேற்கே திரும்பினால் ஆரோவில். வடக்கே போய்க் கொண்டே இருந்தால் மரக்காணத்து உப்பளம். கடலுக்குப் போகிறவர், பாத்தியில் உப்பு வாருகிறவர், முந்திரி பொறுக்குகிறவர், காலையில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறவர் என்று பல தரப்பட்ட மக்கள் வாழும் கரை. இவர்களுக்குத் தினமும் பேச வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது. பேசத்தான் செய்கிறார்கள். டீக்கடையில் பேசுகிறார்கள், ஏலம் போடும் இடத்தில் பேசுகிறார்கள், பஸ்சுக்கு நிற்கும்போது பேசுகிறார்கள். அந்தப் பேச்சு ரேடியோவில் வரக் கூடாது என்று சட்டம் சொல்கிறது!

இது மிகையாகச் சொல்வது அல்ல. சமுதாய வானொலி என்று ஒன்று நம் நாட்டில் இருப்பது பலருக்குத் தெரியும். ஓர் ஊருக்காக, அந்த ஊராரே நடத்தும் சிறிய ரேடியோ நிலையம். அதன் சக்தி 100 வாட். கம்பத்தின் உயரம் 30 மீட்டர். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் தூரம் கேட்டாலே பெரிது. இந்தச் சின்ன ரேடியோவுக்கு மத்திய சர்க்கார் 2006-ம் ஆண்டு நவம்பரில் விதி வகுத்தபோது, செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். பிறகு கொஞ்சம் இரக்கம் பிறந்தது. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை, ஓர் எழுத்துக் கூட மாற்றாமல், அப்படியே திரும்ப ஒலிபரப்பிக் கொள்ளலாம் என்றார்கள். ஊர் ரேடியோ டெல்லிச் செய்தி சொல்லலாம். ஊர்ச் செய்தி சொல்லக் கூடாது! இப்படி ஒரு விதியை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, தெரியவில்லை.

எதைப் பேசலாம்?

சில விஷயங்களைச் செய்தி என்று கருத மாட்டோம் என்று சர்க்கார் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. போக்குவரத்து, வானிலை, திருவிழா, பரீட்சை முடிவு, வேலை வாய்ப்பு, மின்சாரம் குடிநீர் பற்றிய அறிவிப்பு, புயல் எச்சரிக்கை, நோய் எச்சரிக்கை. இவற்றைச் சொல்லலாம்.

நல்லதுதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? "நாளை காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்சாரம் இருக்காது" என்று அறிவிக்கலாம். "வாரத்துக்கு மூன்று நாள் போகிறதே, ஏன்?" என்று கேட்டால் அது நடப்பு விவகாரம் ஆகி விடுமோ என்று நிலையத்தார் தயங்குகிறார்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லலாம். தண்ணீர் உப்புக் கரிக்கிறதே என்று பேசப் போனால் லைசென்சு நினைவுக்கு வந்து விடுகிறது. பயந்தவன் என்ன செய்வான்? சினிமாப் பாட்டைப் போட்டு விட்டு உட்கார்ந்து கொள்வான். பல சமுதாய வானொலிகளில் பாட்டு மிகுந்து பேச்சு குறைந்து கிடப்பதற்கு நிலையத்தாரின் சோம்பலும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம் அந்தப் பயம்.

மணல் போன வழி

இந்தக் கரையில் ரேடியோவில் பேச வேண்டிய முதல் விஷயம் மணல். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓர் இடத்தில் சும்மா இருப்பது இல்லை. தென்மேற்குப் பருவக் காற்றுக் காலத்தில் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக் கொண்டு போகும். வடகிழக்குப் பருவ மழைக் காலத்தில் கொஞ்சம் திரும்பித் தெற்கே வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஆண்டு தோறும் லட்சக் கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிப் போகிறது. போகிற மணலுக்குப் பதில் தெற்கிலிருந்து புது மணல் வந்து கொண்டே இருந்ததால் கரை கரையாக இருந்தது.

1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் இரண்டு கல் சுவர் நீட்டினார்கள். தெற்கே இருந்து வந்த மணல் அந்தச் சுவரில் முட்டி நின்று விட்டது. வடக்கே இருந்த மணல் வழக்கம் போல வடக்கே போனது. புதிய மணல் வரவில்லை. புதுச்சேரியின் பெயர் பெற்ற கடற்கரை சில ஆண்டுகளில் காணாமல் போயிற்று. அங்கே நகரத்தைக் காப்பாற்றப் பாறாங்கல் அடுக்கினார்கள். கல் அடுக்கிய இடம் நின்றது. அதற்கு வடக்கே அரிப்பு தொடங்கியது. வடக்கே என்றால் யார்? சோலை நகர், கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக இருக்கும் மீனவர் ஊர்கள்தான். வலை காய வைத்த மணல் போயிற்று. படகு ஏற்றிய இடம் போயிற்று. தென்னை போயிற்று. சில இடங்களில் வீடே போயிற்று.

2018-ம் ஆண்டு புதுச்சேரிக் கடலில், தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் செயற்கைப் பாறை ஒன்றை அமிழ்த்தினார்கள். நகரத்துக் கடற்கரையில் மணல் ஓரளவு திரும்பி வந்தது. உல்லாசப் பயணிகள் மகிழ்ந்தார்கள். வடக்கே இருக்கும் குப்பங்களுக்கு என்ன வழி?

இங்கேதான் சிக்கல். சுவர் இருப்பது புதுச்சேரி எல்லைக்குள். அரிக்கப்படும் ஊர்களில் பெரும்பாலானவை தமிழ் நாட்டுக்குள். இங்குள்ளவர் விழுப்புரம் கலெக்டரிடம் மனு கொடுத்தால், காரணம் அவர் எல்லையில் இல்லை. புதுச்சேரி சர்க்காரிடம் போனால், மனு கொடுப்பவர் அவர்களுடைய வோட்டர் இல்லை. கடலுக்கு எல்லைக் கல் கிடையாது, காகிதத்துக்கு உண்டு.

ரேடியோ அலைக்கும் எல்லைக் கல் கிடையாது. பெரிய முதலியார்சாவடியில் ஒரு கம்பம் நட்டால் புதுச்சேரியிலும் கேட்கும், கோட்டக்குப்பத்திலும் கேட்கும். இரு பக்கத்து அதிகாரிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க இந்தக் கரைக்கு இதை விட்டால் வேறு இடம் இருக்கிறதா?

நல்லவாட்டில் நடந்தது

"ஊர்ப் பேச்சுக்கு ரேடியோ எதற்கு? பேப்பர் இருக்கிறது, டெலிவிஷன் இருக்கிறது, போன் இருக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு என்ற மீனவர் ஊரின் கதையைச் சொல்ல வேண்டும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-ம் ஆண்டு முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்கள் நடத்தி வந்தார்கள். கடலோர ஊர்களில் அந்த மையத்துக்கு ஒரு முக்கிய வேலை. அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதைக் கம்ப்யூட்டரில் பார்த்து, ஒலிபெருக்கியில் ஊருக்குச் சொல்ல வேண்டும். ஊர்க்காரர்களே நடத்தினார்கள். "நம்ம ஊரு செய்தி" என்று ஒரு சின்னப் பத்திரிகை கூட வந்தது. அதில் அந்தச் சுற்று வட்டாரத்துச் செய்திதான் இருக்கும்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக் கிழமை. நல்லவாட்டைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். சுமத்ராவில் கடல் பொங்கியதை டெலிவிஷனில் பார்த்தார். உடனே வீட்டுக்கு போன் செய்தார். "இங்கேயும் கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது" என்று வீட்டில் சொன்னார்கள். "எல்லோரும் ஓடுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள்" என்றார் அவர். மையம் பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்தார்கள். ஒலிபெருக்கியைப் போட்டார்கள். "ஓடுங்கள்" என்று அலறினார்கள்.

சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். சுமார் 150 வீடுகள் நாசம் ஆயின. படகுகள் போயின. ஆனால் சுனாமி ஓர் உயிரைக் கூட அங்கே கொண்டு போகவில்லை.

போன் ஒரு வீட்டுக்குத்தான் வந்தது. ஊரைக் காப்பாற்றியது ஒலிபெருக்கி. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஒலிபெருக்கி அன்றைக்குப் புதிதாக வந்தது அல்ல. தினமும் அலை நிலவரம் சொல்லிச் சொல்லி, ஊர் அதன் சொல்லைக் கேட்டுப் பழகி இருந்தது. தினம் பேசாத குரல் ஆபத்தில் கத்தினால் யார் காதில் ஏறும்?

"பெஞ்சல்" புயலை எடுத்துக் கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்து போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டி மீட்டருக்கு மேல் மழை. மயிலத்தில் அதையும் மிஞ்சியது. மின்சாரம் போயிற்று. மின்சாரம் போனால் டெலிவிஷன் இல்லை. போனும் கொஞ்ச நேரத்தில் ஊமை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. தென்பெண்ணைக் கரை மக்கள் தவித்தார்கள். "5 முறை எச்சரிக்கை கொடுத்தோம்" என்றது சர்க்கார். "முன்னறிவிப்பே இல்லை" என்றார்கள் எதிர்க் கட்சியார். எச்சரிக்கை கொடுப்பது வேறு, அது குடிசைக்குள் போய்ச் சேருவது வேறு. பாட்டரியில் ஓடும் சின்ன ரேடியோப் பெட்டிக்கு இந்த வேலையில் இன்றும் போட்டி இல்லை.

ரேடியோ நெல்

பேச்சு ரேடியோ நமக்குப் புதிது அல்ல. 1956-ம் ஆண்டு பூனா வட்டாரத்தில் 5 ஜில்லாக்களில் 150 கிராமங்களைத் தேர்ந்து எடுத்து ஒரு சோதனை செய்தார்கள். யுனெஸ்கோவின் ஆதரவு இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் சுமார் 20 பேர் கூடி ரேடியோ கேட்பார்கள். கேட்டு விட்டுக் கலைந்து போக மாட்டார்கள்; உட்கார்ந்து விவாதிப்பார்கள். சந்தேகங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். அடுத்த நிகழ்ச்சியில் பதில் வரும். கானடா நாட்டுக் குடியானவர்களிடம் கற்ற முறை இது.

தமிழ் நாட்டில் அதை விடச் சுவையான கதை உண்டு. 1960-களில் "ஆடுதுறை 27" என்ற புது நெல் வந்தபோது, திருச்சி வானொலி அதைப் பற்றி ஓயாமல் பேசியது. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? "ரேடியோ நெல்"! கடைக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லியே விதை கேட்டார்கள். ரேடியோ சொன்னதை நம்பி நாற்றங்காலில் விதையைத் தெளித்த மக்களை, ரேடியோவில் பேச விட்டால் கெட்டு விடுவார்கள் என்று நினைப்பது எந்த நியாயம்?

1995-ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு கிரிக்கெட் வழக்கில் தீர்ப்பு கூறியது. வான் அலை பொதுச் சொத்து என்பது அந்தத் தீர்ப்பு. கிரிக்கெட் நமக்குச் செய்த நன்மைகளில் இதுவும் ஒன்று. ஆனாலும் ஆந்திராவில் (இப்போது தெலுங்கானா) மாச்சனூர் என்ற கிராமத்தில் ஏழை அரிசனப் பெண்கள் 1998-லேயே நிலையம் அமைத்துக் கொண்டு, லைசென்சுக்காகப் பத்து ஆண்டு காத்து இருந்தார்கள். அவர்களுடைய "சங்கம் ரேடியோ" 2008 அக்டோபரில்தான் பேசத் தொடங்கியது. நம் சென்னையில் அண்ணா பல்கலைக் கழகத்துக்கு 2004-லேயே கிடைத்து விட்டது. படித்தவர்களுக்கு முதல் பந்தி!

பாம்பனில் 2016-ம் ஆண்டு முதல் "கடல் ஓசை" என்ற பெயரில் மீனவர்களுக்கென்றே ஒரு ரேடியோ. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் சுனாமிக்குப் பிறகு "களஞ்சியம்" ரேடியோ வந்தது. நம் ஊருக்குப் பக்கத்திலேயே, காலாப்பட்டில், புதுச்சேரிப் பல்கலைக் கழகத்தார் "புதுவை வாணி" என்று ஒரு நிலையம் தொடங்கினார்கள். எல்லோர் வாயிலும் அதே பூட்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இண்டர்நெட்டில் ரேடியோ நடத்த இந்த லைசென்சு தேவை இல்லை. பக்கத்தில் ஆரோவில்லில் உள்ளவர்கள் இண்டர்நெட் மூலம் தங்கள் ரேடியோவை நடத்தி, தங்கள் நகரத்துச் சங்கதியைத் தாங்களே பேசி வந்திருக்கிறார்கள். நல்ல காரியம். அதே சங்கதியை 100 வாட் கம்பத்தில் ஏற்றிப் பேசினால் குற்றம்! விலை உயர்ந்த போன் வைத்து இருப்பவர் காதுக்கு ஒரு சட்டம், மலிவான ரேடியோப் பெட்டி வைத்து இருப்பவர் காதுக்கு ஒரு சட்டம்.

கலவரம் வருமா?

சர்க்காரின் பயத்தை அடியோடு தள்ளி விட முடியாது. 2013-ம் ஆண்டு ஏப்ரலில் மரக்காணத்தில் நடந்த சாதிக் கலவரம் இந்தச் சாலையில்தான் நடந்தது. குடிசை எரிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருவன் மைக்கைப் பிடித்து நெருப்பை ஊதினால்? "காமன் காஸ்" என்ற அமைப்பு ரேடியோச் செய்தித் தடையை எதிர்த்து 2013-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோதும், மத்திய சர்க்கார் நாட்டின் பாதுகாப்பைத்தான் காரணமாகக் காட்டியது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ரேடியோவே இல்லாமல்தான் கலவரம் வந்தது. வதந்திக்கு லைசென்சு கிடையாது. வாய்க்கு வாய் தாண்டும். இப்போது வாட்ஸ்அப்பில் நொடியில் தாண்டுகிறது; யார் கிளப்பி விட்டார்கள் என்று போலீசார் தேட வேண்டி இருக்கிறது. சமுதாய வானொலிக்காரனைத் தேடவே வேண்டாம். அவன் விலாசம் சர்க்காரிடம் இருக்கிறது. பேசியது அத்தனையையும் 3 மாதம் பதிவு செய்து வைத்து இருக்க வேண்டும் என்பது விதி. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஊருக்குள் வீடு வாசலோடு இருப்பவன், நாளைக்கு அதே தெருவில் நடக்க வேண்டியவன், அவ்வளவு சுலபத்தில் தீ வைக்க மாட்டான். வைத்தால் லைசென்சைப் பிடுங்கிக் கொள்ளட்டும். யார் வேண்டாம் என்றார்கள்?

பேசாமல் இருப்பதால் போகும் உயிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பலர் இறந்தார்கள். செத்த பிறகு எல்லாப் பத்திரிகையும் எழுதியது. டெலிவிஷன் கார்கள் வந்தன. சாகும் முன் இதைப் பற்றிப் பேச அந்தக் கரையில் ஒரு மேடை இல்லை. மேடை இருந்தால் சாவு நின்று இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வாரா வாரம் "எங்கள் தெருவில் விற்கிறான்" என்று ஒரு பெண் பிள்ளை பெயர் சொல்லாமல் ரேடியோவில் கேட்டுக் கொண்டே இருந்தால், போலீசாருக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல வழி இருக்காது.

எப்படி நடத்துவது?

தொலைத் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2023 செப்டம்பரில் ஒரு சிபாரிசு செய்தது. தனியார் எப்.எம். நிலையங்கள் மணிக்கு 10 நிமிஷம் செய்தி, நடப்பு விவகாரம் ஒலிபரப்ப அனுமதிக்கலாம் என்றது. லாபத்துக்கு நடத்துபவனுக்கு 10 நிமிஷம் கொடுக்கலாம் என்றால், ஊருக்கு நடத்துபவனுக்கு 20 நிமிஷம் கொடுப்பதில் என்ன தவறு? விளம்பரத்துக்கு மணிக்கு 12 நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். சோப்பு பற்றி 12 நிமிஷம் பேசலாம், சுடுகாட்டுப் பாதை பற்றி ஒரு நிமிஷம் கூடாதா?

கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேர்தல் அறிவித்த நாளிலிருந்து கட்சிப் பேச்சு கூடாது என்று வைக்கட்டும். ஒருவர் மீது குற்றம் சொன்னால் அவர் பதிலையும் அதே நேரத்தில், அதே அளவு ஒலிபரப்ப வேண்டும் என்று வைக்கட்டும். சாதிப் பெயர் சொல்லி ஏசினால் உடனே நிறுத்தட்டும். சர்க்கார் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கூப்பிட்டால் அதிகாரி வர வேண்டும். மின்சார இலாகாவோ மீன் துறையோ, ஒரு ஆளை மாதம் ஒரு முறை அனுப்ப வேண்டும். அதிகாரி வராத பேச்சு வெறும் புலம்பல். அதற்கு டீக்கடையே போதும்.

உப்பளத்தாருக்கு இது எவ்வளவு உதவும் தெரியுமா? வெயில் காலத்தில் எதிர்பாராமல் ஒரு நாள் மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது கரைந்து போகும். "தமிழகக் கடலோரத்தில் மிதமான மழை" என்று சென்னையிலிருந்து சொன்னால் போதாது. மரக்காணத்து உப்பளத்தை நோக்கி மேகம் வருகிறதா, குவித்ததை மூடலாமா, நாளை கூலிக்கு ஆள் தேவையா என்று அங்கே நிற்கும் ஒருவர் சொல்ல வேண்டும். மழைக் காலத்தில் வேலை இல்லாதபோது கிடைக்கும் நிவாரணப் பணம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதையும் அதே குரல் கேட்கலாம். வானிலை சொல்ல இப்போதே அனுமதி இருக்கிறது. நிவாரணம் கேட்கத்தான் அனுமதி இல்லை!

இந்தக் கரையில் ஒரு நிலையம் வந்தால் முதல் நாள் பேச்சுக்கு விஷயம் தேடி அலைய வேண்டாம். புதுச்சேரித் துறைமுகத்து என்ஜினீயர் ஒருவரையும் சின்ன முதலியார்சாவடி மீனவர் ஒருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தால் போதும். "எங்க மணலை எங்கே ஐயா வைச்சிருக்கீங்க?" என்று மீனவர் தொடங்குவார். என்ஜினீயர் கையில் வரைபடம் இருக்கும். ரேடியோவில் வரைபடம் காட்ட முடியாது. வாயால்தான் விளக்கியாக வேண்டும், அதுவும் எல்லோருக்கும் புரிகிற தமிழில். அரை மணி நேரம் போதாது. மறுநாளும் அவரையே கூப்பிட வேண்டி வரும்.